தொகுதியே இல்லாத ஒரு மக்கள் பிரதிநிதி

கோவளத்திலோ முட்டுக்காட்டிலோ நெம்மேலியிலோ யாரைக் கேட்டாலும், ஒரு சட்டமன்ற உறுப்பினர் செய்ததை விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். சாலையோரம் நிழற்குடை, குப்பத்து முனையில் உயர்கோபுர மின்விளக்கு, வலை பின்னும் கூடம், பள்ளிக்கு இரண்டு வகுப்பறை. கட்டிக்கொடுத்தவரின் பெயரும் ஆண்டும் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கும். தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் வருகிறது. அதில் நம் ஊருக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் நம்முடைய தேர்தல் கணக்கு. வெயிலில் பேருந்துக்கு நிற்பவருக்கு நிழற்குடை பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அதை ஊராட்சியும் கட்டலாம், ஒன்றியமும் கட்டலாம். அவர்களால் முடியாத ஒன்றுக்காகத்தான் ஒருவரைக் கோட்டைக்கு அனுப்புகிறோம். அரசை ஒரு முடிவெடுக்க வைக்க வேண்டும். எடுத்த முடிவு கடைசி ஊர்வரை நடக்கிறதா என்று விடாமல் துரத்த வேண்டும். அந்த வேலையில் நம் உறுப்பினர் எப்படி என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லாமல் போய்விட்டது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் 1859இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசனின் வாழ்க்கை. சென்னை மாகாண சட்டசபையில் அவர் 1923இல் நுழைந்தார். தொகுதி இல்லை, ஆளுநர் நியமித்த உறுப்பினர் அவர். கட்சி பலம் இல்லை, நிதி ஒதுக்கீடு இல்லை, பின்னால் வாக்கு வங்கியும் இல்லை. ஏனென்றால் அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அன்று வாக்கே இல்லை. வரி கட்டுபவருக்கும் சொத்துள்ளவருக்கும்தான் வாக்கு.

அந்த உறுப்பினர் 1924 ஆகஸ்ட் 22 அன்று சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் நகரத்திலும் பொதுச்சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கத் தடையில்லை. பொது அலுவலகம், பொதுக்கிணறு, குளம், மக்கள் கூடுமிடம் ஆகியவற்றுக்குச் சாதி இந்துக்கள் போய்வருவதைப் போலவே ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் போய்வரலாம். இதை அரசு தன் கொள்கையாக ஏற்க வேண்டும். அவ்வளவுதான். இன்று படித்தால் இதற்கெல்லாமா ஒரு தீர்மானம் என்று தோன்றும். அன்று ஒரு விவசாயத் தொழிலாளி தாசில்தாரிடம் மனு கொடுக்க வேண்டுமானால் கச்சேரி இருக்கும் தெருவுக்குள்ளேயே போக முடியாத ஊர்கள் இருந்தன. தபால் நிலையம் அக்ரஹாரத்தில் இருந்தால் தபால் இல்லை. பள்ளிக்கூடம் கோவில் தெருவில் இருந்தால் படிப்பு இல்லை. அரசு எல்லோருக்கும் என்று எதைத் திறந்தாலும், அதற்குப் போகும் தெரு மூடியிருந்தது.

தீர்மானம் நிறைவேறியது. இங்கேதான் கவனிக்க வேண்டும். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அந்தச் சபையின் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. அது ஒரு பரிந்துரை மட்டுமே. எத்தனையோ தீர்மானங்கள் கைதட்டலோடு முடிந்து கோப்புக்குள் உறங்கின. பனகல் அரசர் தலைமையிலான அமைச்சரவை இதை ஏற்றது. அடுத்த மாதமே அரசாணை வந்தது. 1925 பிப்ரவரியில் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வெளியானது. பேச்சிலிருந்து ஆணைக்கும், ஆணையிலிருந்து அரசிதழுக்கும் ஒரு விஷயத்தை நகர்த்துவதற்கு ஆறே மாதம். அதைச் செய்தவர் தனக்கென ஒரு வாக்காளரும் இல்லாத, அறுபத்தைந்தைத் தொட்ட ஒரு முதியவர்.

அதே 1924இல் திருவிதாங்கூரில் வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. கோவிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக மார்ச் 30 முதல் தொண்டர்கள் சிறை சென்றார்கள். பெரியார் இரண்டு முறை சிறையிலிருந்தார். நாம் வைக்கத்தைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஒரு பக்கம் மக்கள் தெருவில் இறங்கிக் கேட்டதை, அதே ஆண்டில், இன்னொரு பக்கம் ஒருவர் சபைக்குள் எழுந்து நின்று அரசாணையாக வாங்கிவிட்டார் என்பது நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை. போராட்டத்தின் படம் கண்முன் நிற்கிறது. ஆணையின் எண் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று தேடும் என்பதே வரலாறு. பம்பாய் மாகாணத்தில் 1923இலேயே எஸ்.கே. போலே இதைப் போன்ற தீர்மானத்தை நிறைவேற்றினார். மகாட் நகராட்சி தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் அந்தச் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிய பிறகுதான் அந்த அறிவிப்புக்கு உயிர் வந்தது. அதற்கும் அடி வாங்க வேண்டியிருந்தது.

சென்னை மாகாணத்திலும் ஆணை வந்ததும் கதவுகள் திறந்துவிடவில்லை. தடுப்பவரைத் தண்டிக்க ஆணையில் வழியில்லை என்று கண்டு, சட்டத்திலேயே திருத்தம் வேண்டும் என்று கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன் போன்ற உறுப்பினர்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் போராடினார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்டவர்களைப் பேருந்தில் ஏற்ற மறுத்தபோது, மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன், மறுக்கும் பேருந்துகளின் உரிமத்தை ரத்து செய்வதாக உத்தரவிட்டார். உரிமம் போகும் என்றதும் பேருந்தின் கதவு திறந்தது. அதே சவுந்தரபாண்டியன்தான் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். சென்னையில் ஒருவர் ஆணை வாங்குவதும், மாவட்டத்தில் ஒருவர் அதைப் பல்லும் நகமும் உள்ளதாக மாற்றுவதும் சேர்ந்தால்தான் அரசியல் நடக்கிறது.

அறுபது வயதுக்கு மேல் சட்டசபை வாழ்க்கையைத் தொடங்கிய ஒருவருக்கு இந்தத் திறமை எங்கிருந்து வந்தது? சாதிக் கொடுமை தாங்காமல் கோழியாளத்தை விட்டுத் தஞ்சைக்குப் போன குடும்பம் அவருடையது. கோயம்புத்தூர்க் கல்லூரியில் படித்தபோது ஏறக்குறைய 400 மாணவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பிராமணர்கள் என்று 1939இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதுகிறார். தன் ஊரும் குலமும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது தனியாக இருந்துவிட்டு, பாடம் தொடங்கும்போது உள்ளே போனதைச் சொல்கிறார். பிறகு நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கர் வேலை. கணக்கெழுதிப் பழகிய கை என்பது அவர் பின்னாளில் எழுதிய மனுக்களில் தெரியும்: இன்ன தேதி, இன்ன ஊர், இன்ன அதிகாரி.

1890 வாக்கில் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற பெயரில் பத்திரிகை தொடங்கினார். நான்கு பக்கம், கையில் பத்து ரூபாய். அந்தப் பெயரைக் கண்டு நண்பர்களே கூசினார்கள். அவருடைய தங்கையை மணந்த அயோத்திதாசர் உட்பட, வேறு பெயர்களால் அந்த மக்களை அழைக்க விரும்பியவர்கள் பலர். ஒளித்துக்கொண்டு எதையும் கேட்டு வாங்க முடியாது என்பது சீனிவாசனின் நிலை. கல்லூரி வாசலுக்கு வெளியே ஒளிந்திருந்த பையன் அந்தப் பெயரையே முகப்பில் அச்சடித்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்கும். மூன்று மாதத்தில் பத்திரிகை வார இதழாயிற்று. ஊர்களிலிருந்து வந்த முறையீடுகள் அதில் அச்சேறின. அவை மனுவாகி அதிகாரிகளிடம் போயின. 1896இல் ஒரு கடிதத்தை வெளியிட்டதற்காக வழக்கு, நூறு ரூபாய் அபராதம். 1900வரை பத்திரிகை நடந்தது. சட்டசபைக்குப் போவதற்கு கால் நூற்றாண்டு முன்பே, சட்டசபை உறுப்பினர் செய்ய வேண்டிய வேலையை அவர் செய்துகொண்டிருந்தார்.

1900இல் லண்டன் போகக் கிளம்பியவர் தென்னாப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. நேட்டால் நீதிமன்றத்தில் அரசு மொழிபெயர்ப்பாளர் வேலை. ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழக்குகளை நாள்தோறும் காதால் கேட்டுச் சொன்ன வேலை அது. இருபது ஆண்டுகளுக்குப் பின் 1921இல் திரும்பினார்.

இந்த வாழ்க்கையில் நம்மை உறுத்தும் பக்கம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போகக் கூடாது. 1893இல் பிரிட்டிஷ் காமன்ஸ் சபை, சிவில் சர்வீஸ் தேர்வை லண்டனில் மட்டுமின்றி இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று தீர்மானித்தது. காங்கிரசின் நெடுநாள் கோரிக்கை அது. சீனிவாசன் அதை எதிர்த்தார். ராயப்பேட்டையில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள மனுவை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். பின்னாளில் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்களையும் பெற்றார். வெள்ளையனுக்கு வேண்டியவர் என்று அவரை ஒதுக்கிவைக்க இதுவே பலருக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்த மனுவுக்கு ஓராண்டுக்கு முன் செங்கல்பட்டில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். செங்கல்பட்டு மிராசு முறையின் கோட்டை. ஊரின் விளைநிலம் மட்டுமன்று, தரிசும் புறம்போக்கும்கூட மிராசுதாரருக்கே முதல் பாத்தியதை. ஓர் ஒடுக்கப்பட்ட குடும்பம் தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தால், மிராசுதாரர் எனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிலம் அவருக்குப் போய்விடும். குடியிருக்கும் குடிசையின் மண்ணும் அவருடையது. கூலி கேட்டால் குடிசையைப் பிரித்துப் போட வேண்டியதுதான். இதையெல்லாம் டிரெமென்ஹீர் எழுதினார். வருவாய் வாரியத்தின் தயக்கத்தை மீறி, 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வேண்டும். பத்தாண்டுவரை விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே மக்களுக்கு மட்டுமே விற்கலாம். நாம் இன்று பஞ்சமி நிலம் என்றும், வருவாய்த் துறையினர் டி.சி. நிலம் என்றும் சொல்வது இதைத்தான்.

இந்தப் பின்னணியோடு அந்த 112 அடி மனுவைப் படித்தால் அதன் கணக்கு புரியும். தாசில்தாரும் கர்ணமும் மணியக்காரரும் மிராசுதாரரின் உறவினர்களாகவோ அவர்களுக்குக் கட்டுப்பட்டவர்களாகவோ இருந்த காலத்தில், ஆட்சியர் நாற்காலியில் மட்டும்தான் அந்த வலைக்கு வெளியே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியும் போனால் நம் மனுவை வாங்க யார் இருப்பார்கள் என்பது அவருடைய அச்சம். அந்நிய ஆட்சி நல்லது என்பது அவர் வாதமன்று. அதிகாரம் கைமாறும்போது யார் கையிலிருந்து யார் கைக்கு என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக ஒருவரைத் தேசத் துரோகி ஆக்க முடியாது என்பது என் தீர்மானமான கருத்து. அவருடைய எதிர்ப்பில் ஒரு பிழையும் இருந்தது: அந்த வெள்ளை ஆட்சியர்களில் டிரெமென்ஹீர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் வரி ஒழுங்காக வந்தால் போதும் என்று மிராசுதாரருடன் இணக்கமாகவே இருந்தார்கள்.

லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு 1930இல் அம்பேத்கருடன் போனபோது சீனிவாசனுக்கு எழுபது கடந்திருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தீண்டாமை என்றால் என்ன என்று கேட்டதையும், தெருவில் விழுந்துகிடப்பவன் இன்ன சாதி என்றால் மற்றவர்கள் தூக்கிவிட மாட்டார்கள் என்று தான் விளக்கியதையும் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். சிலை திறப்பு விழாக்களில் இந்தக் கதைதான் பேசப்படுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவரும் அம்பேத்கரும் சேர்ந்து அங்கே கொடுத்த கோரிக்கை மனு. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்றார்கள். அதாவது அவர்களின் பிரதிநிதியை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். நியமன உறுப்பினராக ஏழு ஆண்டு சபையில் உட்கார்ந்து, ஆளுநரின் தயவில் பேசுவதன் எல்லையை நேரில் கண்டவர் கேட்ட கோரிக்கை அது.

1932இல் கிடைத்ததும் போனதும் நாம் அறிந்ததே. ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமரின் வகுப்புவாரி ஏற்பாட்டில் அந்தத் தனி வாக்காளர் தொகுதி வந்தது. செப்டம்பர் 20 அன்று காந்தி அதை எதிர்த்து எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். 24 அன்று பூனா ஒப்பந்தம். அதில் சீனிவாசனும் கையொப்பமிட்டார். செங்கல்பட்டு மாவட்டத்தின் இன்னொரு பிள்ளையான, பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜாவும் கையொப்பமிட்டார். இருவரும் அதுவரை எதிரெதிர் பக்கம் நின்றவர்கள். ராஜா இந்து மகாசபையின் மூஞ்சேயுடன் உடன்பட்டுக் கூட்டு வாக்காளர் தொகுதி முறையை ஏற்றவர். சென்னை மாகாணத்துக்கு 18 ஆக இருந்த இடங்கள் 30 ஆயின. எண்ணிக்கை கூடியது. தேர்ந்தெடுக்கும் கை மாறியது. அந்த இடங்கள் ஒவ்வொன்றுக்கும் வேட்பாளர் நால்வரை முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு எல்லோரும் வாக்களிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. விடுதலைக்குப் பின் வந்த தனித்தொகுதி முறையில் அதுவும் இல்லை. இன்று தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். அவற்றில் நிற்பவரைத் தீர்மானிப்பது கட்சித் தலைமை. வெல்ல வைப்பது மற்ற சாதிகளின் வாக்கு. யாரும் முகம் சுளிக்காத ஒருவர்தான் வேட்பாளர் ஆகிறார் என்பதை எல்லாக் கட்சிக்காரர்களும் தனியே ஒப்புக்கொள்வார்கள்.

கோவளம் இருக்கும் திருப்போரூர்த் தொகுதி இந்த விஷயத்தில் கவனத்துக்குரியது. தொகுதி மறுவரையறைக்கு முன் அது தனித்தொகுதி. 2011 தேர்தல் முதல் பொதுத்தொகுதி. 2021இல் அந்தப் பொதுத்தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் எஸ்.எஸ். பாலாஜி, கட்சியின் சொந்தப் பானைச் சின்னத்தில் வென்றார். எதிரே நின்றது பாட்டாளி மக்கள் கட்சி. வித்தியாசம் இரண்டாயிரம் வாக்குக்கும் குறைவு. அந்தத் தேர்தலில் சிறுத்தைகள் ஆறு இடத்தில் போட்டியிட்டு நான்கில் வென்றார்கள். அதில் திருப்போரூரும் நாகப்பட்டினமும் பொதுத்தொகுதிகள். கூட்டணிக் காற்று இல்லாமல் இது நடந்திருக்காது என்று சொல்பவர்கள் சொல்வது சரி. ஆனால் ஒடுக்கப்பட்டவர்களின் கட்சி என்று அறியப்பட்ட ஒன்றுக்குப் பிற சாதி வாக்காளர்கள் பொதுத்தொகுதியில் வாக்களிப்பார்களா என்று 1932இல் எழுந்த ஐயத்துக்கு, வட தமிழகத்தின் சாதிப் பிளவு ஆழமான ஒரு தொகுதியில், மெல்லிய குரலிலாவது ஒரு பதில் கிடைத்தது. அந்தப் பதிலை ஒரு முறை நடந்த விபத்தாக விட்டுவிடாமல், பெரிய கட்சிகள் பொதுத்தொகுதிகளில் பட்டியல் சாதி வேட்பாளர்களைத் துணிந்து நிறுத்த வேண்டும். அவை இன்றுவரை அதைத் தவிர்த்துவருவது வெட்கத்துக்குரியது.

இதே கேள்வி கோவளத்துக் குப்பத்துக்கும் உண்டு. தமிழ்நாட்டின் 1,076 கிலோமீட்டர் கடற்கரையில் 608 மீனவ ஊர்கள் இருக்கின்றன. கரையோரமாக நீண்டு கிடப்பதால் எந்தத் தொகுதியிலும் அவர்கள் பெரும்பான்மை இல்லை. கடலோரத் தொகுதி என்று பெயர். வாக்குகள் மேற்கே, பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கத்து அடுக்குமாடிகளில் கூடுகின்றன. கடற்கரை ஒழுங்குமுறை விதி 1991இலிருந்து எத்தனையோ முறை மாறியது. படகு நிறுத்தும் மணலும் வலை காயப்போடும் இடமும் யாருடையவை என்று தீர்மானிக்கும் அந்த விதிகள் மாறும்போது, அந்த மணலில் பிறந்தவர் எத்தனை பேர் அவையில் இருந்தார்கள்? ஒரு சமூகம் சிதறிக் கிடந்தால் அதன் குரலை அவைக்குக் கொண்டுபோவது எப்படி என்பது சீனிவாசன் எழுப்பிய கேள்விதான். பட்டியல் சாதியினருக்கு அரைகுறையாகவாவது ஒரு விடை கிடைத்தது. மீனவர்களுக்கு அதுவும் இல்லை.

தெருவையும் கிணற்றையும் சீனிவாசன் ஆணையாக்கினார். நிலத்துக்கு ஆணை அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் அந்த ஆணையின் கதை இந்தக் கடற்கரையில் எப்படி முடிந்தது என்பதைச் சொல்லாமல் இதை விட முடியாது. கோவளத்திலிருந்து தெற்கே மாமல்லபுரம்வரை இன்று ஒரு சென்ட் நிலம் என்ன விலை என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்றபோது தரிசும் மேய்ச்சலும் உப்பளத்து ஓரமும் மனைகளாகின. சுற்றுச்சுவருக்குப் பின்னால் பண்ணை வீடு, விடுதி, கேளிக்கைப் பூங்கா. பஞ்சமி நிலம் என்ற பதிவு உள்ள நிலத்தை வேறு எவர் வாங்கினாலும் அது செல்லாது. நூறு வருடம் கழிந்தாலும் செல்லாது. ஆனால் பதிவேடு இருந்தால்தானே? 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. யூ.டி.ஆர். என்றால் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அதில் பல ஊர்களில் டி.சி. என்ற குறிப்பு வேறு பெயரில் பட்டாவாக மாறிவிட்டது என்ற முறையீடு நாற்பது ஆண்டாக வந்துகொண்டிருக்கிறது.

1994இல் இந்த மாவட்டத்துக் காரணை கிராமத்தில் மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள், சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் கண்டனம் தெரிவிக்கக் கூடியவர்கள்மீது காவல் துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் இறந்தார்கள். மாவட்டத்தின் பெயர் அன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். டிரெமென்ஹீர் தன் அறிக்கையை எழுதிய அதே மாவட்டத்தில், அந்த அறிக்கை தந்த நிலத்தைக் கேட்டு, நூற்று மூன்று ஆண்டு கழித்து இரண்டு உயிர் போயிற்று. காரணை என்ற பெயரை இன்று எத்தனை சட்டமன்ற உறுப்பினர்கள் அறிவார்கள் என்று நான் கவலையோடு நினைத்துப் பார்க்கிறேன்.

தெரு, கிணறு விஷயமும் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், உத்தப்புரத்தின் தீண்டாமைச் சுவரை 2008வரை யாரும் இடிக்கவில்லை என்பதையும், 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதையும் நினைவூட்ட வேண்டும். 1924இல் கிணற்றுக்குப் போக உரிமை கேட்டார்கள். நூறாண்டு நெருங்கும்போது தண்ணீரே வீட்டுக்குப் பக்கத்தில் தொட்டியாக வந்தது. அதையும் அப்படிச் செய்தார்கள். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுக் காலம் தலைவர் நாற்காலி நிலைத்து நிரம்பவேயில்லை. தனி ஊராட்சியாக அறிவிக்கப்பட்டதுதான் காரணம். மேலவளவில் அந்த நாற்காலியில் துணிந்து அமர்ந்த முருகேசன் 1997 ஜூனில் ஐவருடன் சேர்த்து வெட்டிக் கொல்லப்பட்டார். இடஒதுக்கீட்டால் இடம் கிடைக்கும். அந்த இடத்தில் உட்காரவைக்க அரசு வேண்டும், அரசை நகர்த்த ஓர் உறுப்பினர் வேண்டும்.

1935இல் மதம் மாறப் போவதாக அம்பேத்கர் அறிவித்தபோது சீனிவாசன் உடன்படவில்லை. நாம் இந்து மதத்துக்குள்ளேயே இல்லை, அப்படியிருக்க மாறுவது எங்கிருந்து என்பது அவர் வாதம். உடன் நின்ற பெருந்தலைவரோடும் மாறுபடும் துணிவு கடைசிவரை இருந்தது. 1945 செப்டம்பர் 18 அன்று சென்னை பெரியமேட்டில் காலமானார். 2000இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. ஓட்டேரியில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் மாலை விழுகிறது. மாலை போடும் உறுப்பினர்கள், 1924இல் அவர் செய்ததைத் தங்கள் தொகுதிக்குச் செய்ய வேண்டும்.

திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம், செங்கல்பட்டு ஆகிய நான்கு தொகுதிகளின் உறுப்பினர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், சட்டமன்றத்தில் சேர்ந்து கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. 1892 அரசாணையின்கீழ் இந்த மாவட்டத்தில் எந்தெந்தக் கிராமத்தில், எந்தெந்தப் புல எண்ணில், எவ்வளவு ஏக்கர் ஒதுக்கப்பட்டது? பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் ஒதுக்கப்பட்டதாக உள்ள நிலம், யூ.டி.ஆருக்குப் பின் வந்த 'அ' பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்து அவையின் மேசையில் வைக்கச் சொல்ல வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, புதுச் சட்டமும் தேவையில்லை. பதிவேடுகள் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. பட்டியல் வந்த பிறகு, சர்வேயர் சங்கிலியோடு கோவளத்துக்கும் நெம்மேலிக்கும் காரணைக்கும் போக வேண்டிய தேதியையும் அமைச்சர் அவையிலேயே சொல்ல வேண்டும்.